பெட்டியை விடுங்கள், தோட்டாவின் அடியைப் பாருங்கள்
அமெரிக்க இணைய ஏலங்களில் துப்பாக்கித் தோட்டா மலிவாகக் கிடைக்கும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. சில ஏல அறிவிப்புகளின் தலைப்பில் '1000 தோட்டா' என்றிருக்கும். ஏலமோ 20 தோட்டா கொண்ட ஒரு பெட்டிக்குத்தான் என்பது கீழே பொடி எழுத்தில். அனுப்பும் செலவையும் சேர்த்து ஒரு தோட்டாவுக்கு என்ன விலை என்று வகுத்துப் பாருங்கள், மலிவு பறந்துவிடும்.

அதைவிட மோசம் 'கம்பெனிப் பெட்டி' என்ற சொல். பெட்டி அசல்தான், உள்ளே யாரோ சுட்ட தோட்டாக் கூடுகளில் வீட்டில் மறுபடி வெடிமருந்து அடைத்த சரக்காக இருக்கலாம். தோட்டாவின் அடியில் தயாரிப்பாளர் பொறித்த முத்திரை தெரிகிற படம் கேளுங்கள். ஒரே பெட்டியில் மூன்று விதமான முத்திரை என்றால் அது கம்பெனி அடைத்ததாக இருக்காது, விலகிவிடுங்கள். வெடிமருந்து கூடிப்போனால் துப்பாக்கியே சிதறலாம்.

பழைய சோவியத் ராணுவ 7.62×54ஆர் (ஒரு ரைபிள் தோட்டா அளவு) சரக்கை 'குழலை அரிக்காது' என்று விற்பார்கள். நம்ப வேண்டாம், அதில் பெரும்பாலும் சுட்டபின் குழலில் துருப்பிடிக்கவைக்கும் உப்பு விடுகிற பிரைமர்தான் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு பகுதி). சுட்ட அன்றே குழலைச் சுடுநீர் விட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் போட வேண்டும்.