ஏற்காட்டு மிளகைக் கொடியோடு குத்தகை பேசி விடாதீர்கள்

காப்பிப் பழம் பறித்து முடியும் முன்பே மிளகு வியாபாரி தோட்டத்துக்கு வந்துவிடுகிறார். மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் நிழல் மரங்களை அண்ணாந்து பார்த்தபடி ஒரு சுற்று நடந்து, மொத்தமாக ஒரு தொகை சொல்கிறார். அட்வான்ஸ் கை மாறுகிறது. அன்றோடு அந்த வருஷத்து மிளகுக்கும் தோட்டக்காரருக்கும் தொடர்பு முடிந்தது. நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சின்ன விவசாயிகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். மிளகு கொடியில் இருக்கும்போதே மொத்தமாகக் குத்தகை பேசி விடும் இந்தப் பழக்கம் சரக்கையும் கெடுக்கிறது, கொடியையும் கெடுக்கிறது.

இதைச் சோம்பல் என்று நான் சொல்ல மாட்டேன். அராபிகா காப்பிப் பழம் நவம்பர் தொடங்கி ஜனவரி வரை ஆளை விடாது. அது முடிந்த கையோடு மிளகு பழுக்கிறது. முப்பது நாற்பது அடி மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணி சாத்தி ஏறத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். ஆள் கிடைத்தாலும், விழுந்தால் என்ன செய்வது என்ற பயம் வேறு. இதற்கு நடுவே ஒருவர் ரொக்கத்தோடு வந்து நின்றால் யாருக்கும் மனசு இளகும். இன்னொரு காரணம் பழையது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த நாளிலிருந்து காப்பிதான் பயிர், மிளகு நிழல் மரத்தில் தொற்றிக்கொண்டு கிடைக்கும் உபரி என்றே பழகிவிட்டோம். மிளகு கிலோ 700 ரூபாயைத் தாண்டிய வருஷங்களிலும் அந்த எண்ணம் மாறவில்லை.

இப்படி மொத்தமாக எடுக்கும் குத்தகைக்காரரின் கணக்கு எளிது. ஒரு மரத்துக்கு ஏணியை ஒரே ஒரு முறைதான் சாத்துவார். மிளகோ ஒரே நாளில் பழுக்காது. வெயில் படும் உச்சியில் இருக்கும் சரங்கள், அதாவது மணிகள் வரிசையாகக் கோத்த காம்புகள், முதலில் முற்றும், நிழலில் தொங்கும் அடிச் சரங்கள் பல வாரம் பின்தங்கும். ஒரு சரத்தில் ஒன்றிரண்டு மணி மஞ்சளாகவோ சிவப்பாகவோ திரும்பினால் அந்தச் சரம் முழுவதும் பறிக்கப் பக்குவம். அப்படிப் பார்த்துப் பறிக்க, பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று சுற்று வேண்டும். ஒரே சுற்றில் வழித்தெடுத்தால் பச்சைப் பிஞ்சும் சாக்குக்குள் போகிறது.

நன்றாக முற்றிய பச்சை மிளகு 100 கிலோ காய்ந்தால் சுமார் 33 கிலோ நிற்கும். பிஞ்சு கலந்த சரக்கில் அது 25 கிலோவை நோக்கிச் சரியும், காய்ந்த மணியும் சுருங்கிப் பதராகும். இதைக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம். ஒரு லிட்டர் படியில் மிளகைக் குலுக்காமல் கொட்டி, தலை தட்டி, எடை போடுங்கள். 550 கிராம் வந்தால் நல்ல சரக்கு. 500க்குக் கீழே போனால் வியாபாரி உதட்டைப் பிதுக்குவார், அதில் நியாயம் உண்டு. லிட்டர் எடை தெரியாமல் விலை பேசப் போவது கண்ணைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவதுதான்.

கொடிக்கு நடக்கும் சேதம் இதைவிட மோசம். அடுத்த வருஷத்துச் சரம் வருவது பக்கக் கிளைகளில். சரத்தை நகத்தால் கிள்ளி எடுக்காமல் பிடித்து இழுத்தால் அந்தக் கிளை கணுவோடு ஒடிந்து வரும். ஏணியைக் கொடியின் மேலேயே சாத்தினால் பற்றுவேர் மரத்தை விட்டுக் கழன்று, கொடி முழுதாகச் சரியும். ஒரு பருவத்துக்கு மட்டும் வந்து போகிறவருக்கு இதில் என்ன அக்கறை இருக்க முடியும்?

பறித்த பிறகு செய்ய வேண்டியது பெரிய வித்தையல்ல. சரங்களைச் சாக்கில் கட்டி ஒரு இரவு வைத்தால் மணி இளகும். அதற்கு மேல் வைத்தால் சூடேறிப் பூசணம் வரும். மறுநாள் மிதித்தோ சின்ன மெஷினில் போட்டோ உதிர்த்துக்கொள்ளுங்கள். உதிர்த்த மணியைத் துளையுள்ள கூடையில் போட்டு, அண்டாவில் கொதிக்கும் தண்ணீரில் ஒரே ஒரு நிமிஷம் முக்கி எடுங்கள். தூசியும் கிருமியும் போகும், தோலின் செல்கள் உடைந்து நிறம் சீராகக் கறுக்கும், ஆறேழு நாள் காய வேண்டியது மூன்று நாலு நாளில் காயும். நேரத்தில் மட்டும் தாராளம் காட்டாதீர்கள். மிளகைக் கறுப்பாக்குவது தோலில் இருக்கும் ஒரு நொதி. அதிக நேரம் வெந்தால் அது செத்துப்போய் மிளகு பழுப்பாகவே நின்றுவிடும். தண்ணீர் கலங்கினதும் மாற்ற வேண்டும்.

காய வைப்பது சிமெண்ட் களத்தில் அல்லது சுத்தமான தார்ப்பாயில் மட்டும். சாணி மெழுகிய தரை, தார் ரோடு இரண்டும் வேண்டாம். ஏற்காட்டில் பிப்ரவரியிலும் விடியற்காலையில் பனி இறங்கும். மாலை நாலு மணிக்கே அள்ளி மூடிவிட்டு, காலையில் களம் காய்ந்த பிறகு விரியுங்கள். ஈரப்பதம் 10-11 சதவீதத்துக்கு வர வேண்டும். 12ஐத் தாண்டிய மூட்டையை மழைக்காலத்தில் திறந்தால் வெள்ளைப் பூசணம்தான் இருக்கும். மூட்டையை மரப்பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். காப்பியும் மிளகும் ஒரே அறையில் வேண்டாம், மிளகின் வாசனையைக் காப்பி இழுத்துக்கொள்ளும்.

குத்தகை விட்ட தோட்டங்களில் யார் கண்ணும் போகாத இடம் கொடியின் அடிப்பகுதி. கொடியையே சாகடிக்கும் விரைவு வாடல் நோய் அங்கேதான் தொடங்குகிறது. பைட்டோப்தோரா என்ற பூசணம் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. மழைத்துளி தெறித்து முதலில் தரையில் படரும் ஓடுகொடிக்கும் அடி இலைக்கும் ஏறும். இலையில் கறுப்புப் புள்ளி விழுந்து, ஓரம் நார்நாராகப் படரும். தண்டின் அடி அழுகிவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் கொடி முழுதும் தொங்கிவிடும். அந்தக் கட்டத்தில் மருந்து ஊற்றுவது வீண் செலவு. வேரோடு தோண்டி எரிப்பதுதான் பக்கத்துக் கொடிக்குச் செய்யும் உதவி.

ஆகவே வேலை மே மாதத்திலேயே தொடங்க வேண்டும். ஓடுகொடிகளை வெட்டுங்கள் அல்லது தூக்கிக் கட்டுங்கள். சில்வர் ஓக் கிளைகளைக் கழித்து வெளிச்சமும் காற்றும் விடுங்கள். அடியில் தண்ணீர் நிற்காமல் வடிகால் எடுங்கள், ஆனால் கொத்தும்போது வேரில் காயம் படக் கூடாது. பிறகு பூசணத்தைத் தடுக்கும் தாமிர மருந்தான ஒரு சத போர்டோ கலவை தெளிக்க வேண்டும். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு கிலோவை 50 லிட்டர் தண்ணீரிலும், நீற்றாத சுண்ணாம்பு ஒரு கிலோவை இன்னொரு 50 லிட்டரிலும் பிளாஸ்டிக் டிரம்களில் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் கலக்கியபடியே ஊற்றுங்கள். மாற்றி ஊற்றினால் திரண்டுபோய் மருந்தடிக்கும் மெஷினின் நாசிலை அடைக்கும். பளபளப்பான அரிவாளை முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சிவிட்டது, இன்னும் சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும். அன்றே அடித்து முடித்துவிடுங்கள். ஒவ்வொரு கொடியின் அடியிலும் காப்பர் ஆக்சிகுளோரைடு மருந்தை, லிட்டருக்கு 2 கிராம் வீதம் கரைத்து, 5 முதல் 10 லிட்டர் ஊற்றலாம். இதையெல்லாம் ஆகஸ்ட்-செப்டம்பரில் இன்னொரு முறை செய்யாமல் விட்டால் ஐப்பசி மழைக்குக் கொடி தாங்காது. நோய்ப் பூசணத்தை அடக்கும் நல்ல பூசணமான டிரைக்கோடெர்மாவும் வேப்பம் புண்ணாக்கும் போடுகிறவர்கள் தாமிர மருந்தோடு சேர்த்துப் போடாமல் சில வாரம் இடைவெளி விடுங்கள்.

விலையைப் பொறுத்தவரை நம் கையில் இருப்பது கொஞ்சம்தான். உலகத்திலேயே அதிகம் மிளகு விளைவது வியட்நாமில். கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகு வெளிநாட்டிலிருந்து இறங்கக் கூடாது என்று 2017 டிசம்பரில் மத்திய அரசு உத்தரவு போட்டும், அதற்கடுத்த சில வருஷங்களில் உள்ளூர் விலை அதற்குக் கீழேயேதான் கிடந்தது. சந்தையை நாம் தூக்கி நிறுத்த முடியாது. ஆனால் கீழே சேலத்தில் இருக்கும் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாருக்குச் சீரான, காய்ந்த, லிட்டர் எடை தெரிந்த சரக்கை இறக்க நம்மால் முடியும். பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு அண்டா, ஒரு உதிர்க்கும் மெஷின், ஒரு ஈரப்பத மீட்டர் போதும். ஏறுகிறவர்களையும் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளலாம். அவர்களுக்கு இடுப்புக் கயிறும் காப்பீடும் கட்டாயம் இருக்கட்டும்.

சேலத்திலிருந்து மலையேறி வந்து மிளகு வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எண்ணெய் தேய்த்த மாதிரி மினுங்கும் மிளகை வாங்காதீர்கள். ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டால் பதரும், கலப்படமாகச் சேர்த்த பப்பாளி விதையும் மேலே மிதக்கும்.

பணமுடையால் குத்தகைக்கு விட்டே ஆக வேண்டியவர்கள் வாய்ப்பேச்சோடு விடாமல் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். சரத்தில் ஒரு மணியாவது நிறம் திரும்பிய பிறகே பறிக்க வேண்டும். குறைந்தது இரண்டு சுற்று. ஏணி கொடியின் மேல் சாயக் கூடாது. வாடல் கண்ட தோட்டத்தில் கிடந்த சாக்கையும் ஏணியையும் கழுவாமல் உள்ளே கொண்டுவரக் கூடாது. ஒடிந்த கொடிக்கு இவ்வளவு பிடித்தம் என்று தொகையையும் அதிலேயே குறித்துவிடுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் அட்வான்ஸ் வாங்காதீர்கள்.