அட்வான்ஸ் காசு எங்க?

வீடு வாடகைக்கு எடுக்கேக்க ஆறு மாச அட்வான்ஸை வீட்டுக்காரரிட்ட எண்ணி வைச்சால்தான் திறப்பு. மாசம் 30,000 எண்டால் 1,80,000 ரூபாய். விட்டுப் போகேக்க மட்டும் அந்தக் காசு ஏன் கரையுது? ஆணி ஓட்டைக்குக் கழிவு. பெயின்ற் மங்கினதுக்குக் கழிவு. மூண்டு வரியம் வெயிலும் மழையும் பட்ட சுவர் மங்காமல் என்ன செய்யும்?

குழாயில வெள்ளைப் படிவாம், அதுக்கும் காசு! யாழ்ப்பாணத்தில நிலத்துக்கடியில சுண்ணாம்புக்கல். கிணத்துத் தண்ணி காய்ஞ்ச இடமெல்லாம் வெள்ளை படியும், ஷவர் ஓட்டை அடைபடும், கேத்தில் அடி தடிக்கும். வாடகைக்கு இருந்த சனமா அந்தக் கல்லைப் புதைச்சது? வினாகிரியில ஊறவிட்டால் கரையிற படிவுக்குப் புதுக் குழாயின்ர விலையா?

பிறகு வீட்டுக்காரர் சொல்லுவினம், "கரண்ட் பில் வரட்டும், பாப்பம்." திறப்புக் குடுக்கிற அண்டைக்கு மீற்றர் இலக்கத்தில இருந்து போன பில்லின்ர இலக்கத்தைக் கழிச்சால் யூனிற் கணக்கு வந்திடும். அஞ்சு நிமிச வேலைக்கு ரெண்டு மாசமா?

கடைசியில, அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் தந்தால்தான் தருவினமாம். அப்ப முதல் தந்த காசு எங்க? அது வருமானமில்லை, திருப்பிக் குடுக்க வேண்டிய கடன்! அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டிய சனம் ஆரிட்டப் போய்க் கை நீட்டுறது?