எம்.பி. சீனிவாசனை ஒரே பாட்டோடு நிறுத்திக்கொண்டோம்

‘தென்னங்கீற்று ஊஞ்சலிலே’ பாட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பி.பி. ஸ்ரீநிவாஸ், எஸ். ஜானகி ஆகியோரின் குரல்களைச் சிலாகிப்போம், எழுதியவர் ஜெயகாந்தன் என்பதை யாராவது ஒருவர் வியப்போடு சொல்வார், இசையமைத்த எம்.பி. சீனிவாசனின் முறை வரும்போது மட்டும், ‘அவர் தமிழில் அதிகம் படம் செய்யவில்லையே’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். படங்களின் எண்ணிக்கையை வைத்து இசையமைப்பாளரை எடைபோடும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. எம்.பி.எஸ். விஷயத்தில் அந்த எடைக்கல்லே செல்லாது என்பது என் கருத்து.

1925-இல் சித்தூரில் பிறந்து சென்னையில் படித்த அவர், மாணவப் பருவத்திலேயே கம்யூனிஸ்ட் இயக்கத்தில் சேர்ந்தார். அவர் மணந்துகொண்ட ஜாஹிதா, விடுதலைப் போராட்டத் தலைவர் சைபுதீன் கிச்லுவின் மகள். (1919 ஏப்ரலில் ஜாலியன்வாலா பாகில் மக்கள் திரண்டதற்குக் காரணமாக இருந்தவற்றுள் கிச்லு கைது செய்யப்பட்டதும் ஒன்று.) இப்படிப்பட்ட பின்னணியிலிருந்து வந்தவர் 1960-இல் ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்தார். கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வந்து தங்கிவிட்ட ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷ் இயக்கிய, தொழிலாளர் வாழ்வைப் பேசிய படம் அது. அத்தகைய படத்தில் முழக்கப் பாடல்களை எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் காலம் கடந்து நின்றவை ‘தென்னங்கீற்று’ம், கே.சி.எஸ். அருணாசலம் எழுதி டி.எம். சௌந்தரராஜன் பாடிய ‘சின்னச் சின்ன மூக்குத்தியாம்’ பாட்டும்தான். இரண்டிலும் குரலை உயர்த்தாத, நாட்டுப்புறச் சாயல் கொண்ட மெட்டுகள். கொள்கைப் பிடிப்புள்ளவர் கலையில் உரக்கத்தான் பேசுவார் என்ற நம் எண்ணத்தை இந்த இரண்டு பாடல்களே மறுக்கின்றன. படம் வசூலில் வெற்றி பெறவில்லை.

அவரை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டது மலையாளத் திரையுலகம். 1961 நவம்பரில் ‘கால்பாடுகள்’ படத்துக்காக, நாராயண குருவின் சாதிபேதம் மறுக்கும் வரிகளுக்கு மெட்டமைத்து, அதுவரை யாரும் அறியாத யேசுதாஸ் என்ற இளைஞரைப் பாட வைத்தவர் எம்.பி.எஸ். அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘சுயம்வரம்’, ‘எலிப்பத்தாயம்’, ‘முகாமுகம்’, ‘அனந்தரம்’ ஆகிய படங்களிலும் அவருடைய இசை உண்டு. பாட்டுக்கு இடமில்லாத, மௌனமும் சுற்றுப்புற ஒலிகளும் பாதிக் கதையைச் சொல்லிவிடும் அந்தப் படங்களில், எங்கே வாசிக்கக்கூடாது என்று தெரிந்திருப்பதுதான் இசையமைப்பாளரின் முதல் தகுதி. அதே மனிதர் கே.ஜி. ஜார்ஜின் ‘உள்கடல்’ படத்தில் ஓ.என்.வி. குறுப்பின் கவிதைகளுக்கு அத்தனை உருக்கமான மெட்டுகளைக் கொடுத்திருக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவருடைய வீச்சு விளங்கும். தமிழில் ஜான் ஆபிரகாமின் ‘அக்கிரகாரத்தில் கழுதை’ படத்துக்கு இசையமைத்ததோடு, கழுதைக்குட்டியை வளர்க்கும் பேராசிரியராகவும் அவரே நடித்தார்.

வாத்தியக் கலைஞர்களுக்காக அவர் செய்த வேலையும் படங்களுக்கு ஈடானது. இசையமைப்பாளரின் பெயர் சுவரொட்டியில் வரும். அவருக்குப் பின்னால் அமர்ந்து வயலினும் புல்லாங்குழலும் தபேலாவும் வாசிப்பவருக்கோ அன்றைக்கு நிச்சயமான ஊதியமும் கிடையாது, வேலை நேரமும் கிடையாது. சென்னையில் திரையிசைக் கலைஞர்களுக்கென்று சங்கம் உருவாக முன்நின்றவர்களில் எம்.பி.எஸ். முக்கியமானவர். சங்க வேலையால்தான் அவர் தமிழில் வாய்ப்புகளை இழந்தார் என்று பேசிக்கொள்கிறார்கள். அப்படியும் இருந்திருக்கலாம். அதைவிட, நட்சத்திரங்களைச் சுற்றிச் சுழன்ற அன்றைய தமிழ்ப்படங்களில் அவருடைய அடக்கமான இசைக்குப் பொருத்தமான கதைகளே அரிதாக இருந்தன என்பதுதான் பெரிய காரணமாக எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அவருடைய தலைசிறந்த படைப்பு எதுவென்று கேட்டால், நான் எந்தப் படத்தையும் சொல்லமாட்டேன். 1970-களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத்தான் சொல்வேன். நம் மரபில் குழுவாகப் பாடுவது புதிதல்ல. பஜனையிலும் தேவார ஓதுதலிலும் பலர் கூடிப் பாடுகிறார்கள், ஆனால் எல்லோரும் ஒரே மெட்டையே பாடுகிறார்கள். ஒருவர் ஒரு வரியில் நிற்கும்போது இன்னொருவர் வேறு ஸ்வரத்தில் நகர்வதும், இரண்டும் சேர்ந்து மூன்றாவது ஒரு நிறத்தைத் தருவதும் மேற்கத்திய முறை. அந்த முறையை ராகத்தின் இயல்பு கெடாமல் பாரதியின் வரிகளுக்குக் கொண்டுவருவது எளிதல்ல. நம் ராகங்களில் உயிர் கமகத்தில், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதில், இருக்கிறது; நான்கு குரல்களும் நான்கு விதமாக அசைந்தால் மிஞ்சுவது இரைச்சல்தான். அசைவைக் குறைத்தாலோ ராகம் வெளிறிவிடும். இந்தச் சிக்கலுக்கு அவர் கச்சேரி வித்வான்களைக் கொண்டு விடை தேடவில்லை; அலுவலகம் போகிறவர்களையும் மாணவர்களையும் பாட வைத்தே தேடினார். பிற்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளைப் பழக்குவதிலும் ஈடுபட்டார். 1988 மார்ச் 9 அன்று மாரடைப்பால் அவர் காலமானது லட்சத்தீவில். அங்கே அவர் போயிருந்ததும் சேர்ந்திசை கற்பிக்கத்தான்.

திரையில் இன்னும் நூறு படங்கள் செய்திருக்க வேண்டியவர், சங்கத்திலும் சேர்ந்திசையிலும் காலத்தைக் கழித்துவிட்டார் என்று வருந்தும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாசிப்பவருக்கு உரிய கூலி வாங்கித் தருவதும், பாடத் தெரியாது என்று ஒதுங்கியிருந்தவரைப் பாட வைப்பதும் அவருக்கு இசைக்கு வெளியே இருந்த காரியங்கள் அல்ல. நாம் இப்போது செய்யக்கூடியது ஒன்று உண்டு. அவருடைய சேர்ந்திசைப் பாடல்களைக் குரல் வாரியாகப் பிரித்து, ஸ்வரக் குறிப்புகளோடு தமிழில் மலிவு விலையில் அச்சிட்டு, அரசுப் பள்ளி இசையாசிரியர்கள் கையில் கொடுக்க வேண்டும். நூற்றாண்டு மலர்களுக்கும் மாலைகளுக்கும் ஆகும் செலவைவிட இதற்கு அதிகம் ஆகாது.