மாடி போர்ஷன்

(தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் ஒரு வீடு. கீழ்த்தளம் மட்டும்தான் கட்டியிருக்கிறது. இருபத்தேழு வருடம் வாடகை வீடுகளில் காலம் தள்ளிவிட்டுச் சொந்த வீட்டுக்கு வந்தவர்கள். ஓய்வு பெற்ற சபாபதி, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போடுகிறார். கமலா முருங்கைக்கீரை ஆய்கிறார்.)

சபாபதி: கமலா, இதைக் கேள். கையில் முப்பது லட்சம் இருக்கிறது. மாடியில் இரண்டு போர்ஷன் கட்டுகிறோம். ஒன்றுக்குப் பன்னிரண்டாயிரம் வாடகை. வருடத்துக்கு 2,88,000 ரூபாய்!

கமலா: பன்னிரண்டு மாதமும் ஆள் இருப்பார்களா?

சபாபதி: சரி, ஒரு போர்ஷன் இரண்டு மாதம் பூட்டிக் கிடக்கட்டும். 24,000 போயிற்று.

கமலா: தரகருக்கு?

சபாபதி: ஒரு மாத வாடகை. 12,000.

கமலா: வெள்ளையடிக்க, சொத்துவரி கட்ட, கழிவுநீர் லாரிக்கு? மோட்டார் காயில் கருகினால்?

சபாபதி: (முனகுகிறார்) எல்லாவற்றுக்கும் சேர்த்து 42,000 வை.

கமலா: மிச்சம் 2,10,000. அதே முப்பது லட்சத்தை வங்கியில் நூற்றுக்கு ஏழு வட்டிக்குப் போட்டால்?

சபாபதி: (பெருக்கிப் பார்க்கிறார். மறுபடியும் பெருக்குகிறார்.) 2,10,000.

கமலா: வங்கியில் போட்ட பணம் இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்டி, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லாது.

சபாபதி: வாடகை வருடா வருடம் ஏறும், கமலா. வட்டி ஏறுமா? பத்து மாத அட்வான்ஸைக் கையில் வாங்கிவிட்டால் ஆபத்தே இல்லை.

கமலா: மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று, 2017-இல் போட்ட வாடகைச் சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்ததும் செய்தித்தாளை வெட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் ஓடியது யார்?

சபாபதி: ‘வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்று அதிலேயே இருந்ததை அவர் விரல் வைத்துக் காட்டினாரே! அதே விரலை நானும் வைப்பேன்.

கமலா: காலி செய்யும்போது கடைசி மூன்று மாத வாடகை கொடுக்காமல், ‘அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்றீர்கள்.

சபாபதி: அது ஊர் வழக்கம்.

கமலா: சுவரில் பதினேழு ஆணி.

சபாபதி: பற்பசை வைத்து அடைத்துவிட்டுத்தானே வந்தேன்? அவருக்கு இன்றுவரை தெரியாது.

கமலா: ‘மின்வாரியம் கொடுக்கிற 100 யூனிட் இலவசத்தை நீங்களே வைத்துக்கொண்டு, எங்களிடம் யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் வாங்குகிறீர்களே’ என்று தெரு கேட்கச் சண்டை போட்டது?

சபாபதி: அது நியாயமான சண்டை. (யோசிக்கிறார்.) போர்ஷனுக்கு ஒரு மீட்டர் தனியாக வாங்கிவிட வேண்டும். ஆளையும் விசாரித்துத்தான் வைக்க வேண்டும். வாயாடி, சட்டம் பேசுகிறவன், ஆணி அடிக்கிறவன்... இந்த மாதிரி ஆட்களே வேண்டாம்.

கமலா: எந்த மாதிரி?

(சபாபதி பேனாவுக்கு மூடி போடுகிறார். பிறகு திறக்கிறார்.)

சபாபதி: வெள்ளத்தை நினைத்துப் பார். மாடி இருந்தால் நமக்கு ஒதுங்க இடம் ஆயிற்று.

கமலா: அங்கேதான் ஆள் குடியிருப்பார்களே.

சபாபதி: அப்படியானால் நாம் மேலே போய்விடுவோம். கீழ்த்தளத்தை வாடகைக்கு விடுவோம்.

கமலா: தண்ணீர் வந்தால் அவர்கள் மூட்டை முடிச்சோடு மேலே வருவார்கள்.

சபாபதி: வரட்டுமே. 2015 டிசம்பரில் நாம் போகவில்லையா? ஒன்பது நாள் உட்கார வைத்துச் சோறு போட்டார், மகராசன்.

கமலா: தண்ணீர் வடிந்ததும் அந்த ஒன்பது நாள் வாடகையைக் கழிக்கச் சொன்னீர்கள்.

சபாபதி: கீழ்வீட்டில் நாம் இல்லையே?

கமலா: மேலே அவர் வீட்டில் இருந்தோம்.

சபாபதி: மனிதர் கழித்துவிட்டாரே!

கமலா: நீங்கள் கழிப்பீர்களா?

(நீண்ட நேரம் பதில் இல்லை. சபாபதி காலண்டர் தாளின் அடியில் ‘வெள்ளம், 9 நாள், 3,600’ என்று சின்ன எழுத்தில் எழுதுகிறார்.)

கமலா: சோறு?

சபாபதி: இரு, அரிசி விலை தெரிய வேண்டாமா?