சாய்த்தால் மட்டும் இட்டாலிக் ஆகிவிடாது

தங்கை மகளின் திருமண அழைப்பிதழ் மாதிரியைப் போன வாரம் அச்சகத்தில் வாங்கி வந்தேன். ஆங்கிலப் பக்கம் கராமண்ட் என்ற எழுத்துருவின் இட்டாலிக்கில் இருந்தது. பெயர்கள் அழகாகவே அமர்ந்திருந்தன. தமிழ்ப் பக்கத்தைத் திருப்பினால், புயலுக்கு மறுநாள் வாழைத்தோப்பைப் பார்த்ததுபோல் இருந்தது. அத்தனை எழுத்தும் வலப்பக்கம் சாய்ந்து கிடந்தன. "இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்றுதான் சார்" என்றார் வடிவமைத்தவர். ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறார், அவ்வளவுதான்.

அவரை மட்டும் குறை சொல்வானேன்? இட்டாலிக் என்றால் சாய்ந்த எழுத்து என்றுதான் பலரும் நினைக்கிறோம். கராமண்டில் ஆங்கிலச் சிறிய 'ஏ'-வை நேராக ஒரு முறை, இட்டாலிக்கில் ஒரு முறை அடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நேரானதில் வயிற்றுக்கு மேல் வளைந்த கூரை ஒன்று இருக்கும். இட்டாலிக்கில் கூரையே கிடையாது. நாம் நோட்டில் எழுதப் பழகிய 'ஏ' வந்து நிற்கும். 'எஃப்' கோட்டுக்குக் கீழே வாலை இறக்கும். எழுத்தின் அடியில் இருந்த, செரிஃப் எனப்படும் சிறு பாதங்கள், பேனா அடுத்த எழுத்துக்கு ஓடும் அவசரத்தில் விட்ட இழுப்புகளாக மாறியிருக்கும். ஏரியல் என்ற எழுத்துருவில் இதே சோதனையைச் செய்தால், கூரையோடு அப்படியே சாய்ந்து நிற்கும் 'ஏ'.

கராமண்டில் வடிவமே மாறக் காரணம், இட்டாலிக்கின் பிறப்பு கையெழுத்தில். 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற அச்சாளர், ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் கவிதைகளைக் கையடக்கப் பதிப்பாக, முழுக்க இட்டாலிக்கில் அச்சிட்டார். அதற்கான எழுத்து அச்சுகளை வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. இத்தாலியக் கல்விமான்கள் விரைந்து எழுதும் கையை உலோகத்தில் பிடித்தார். பெரிய எழுத்துகள் மட்டும் அப்போது நேராகவே நின்றன. ஆல்டஸ் அந்த நூலிலேயே சிறு பாட்டு ஒன்றில் கிரிஃபோவைப் பாராட்டினார். அடுத்த ஆண்டு வெனிஸ் அரசிடம் அந்த எழுத்துக்கான உரிமையைத் தன் பெயரில் வாங்கிக்கொண்டார். பாட்டு தொழிலாளிக்கு, உரிமை முதலாளிக்கு! கிரிஃபோ விலகி, சோன்சினோ என்ற அச்சாளரிடம் போய்ச் சேர்ந்தார்.

தனியாக நூல்களையே சுமந்த எழுத்து, பின்னாளில் நேரெழுத்துக்குத் துணையாகிவிட்டது. நூல் பெயர், கப்பல் பெயர், அழுத்திச் சொல்லும் ஒரு சொல், ஆலமரத்துக்கு 'ஃபைகஸ் பெங்காலென்சிஸ்' என்று ரோமன் எழுத்தில் எழுதும் அறிவியல் பெயர். எனக்கு அது ஒரு வரிக்கு இனிக்கும். ஒரு பக்கத்துக்குக் கண் வலிக்கும்.

தமிழ் அச்சில் இப்படி ஓர் இணை எழுத்து வேரூன்றவில்லை. கணினி சாய்க்கும்போது 'ண'-வின் சுழிகள் நசுங்குகின்றன. புள்ளி தன் எழுத்தை விட்டு நழுவிப் பக்கத்து எழுத்தின் தலைமேல் போய் உட்காரப் பார்க்கிறது. அப்பாவின் பழைய அஞ்சலட்டைகளை எடுத்துப் பார்த்தேன். வேகமாக எழுதிய இடங்களில் புள்ளி சிறு கீற்றாகியிருக்கிறது; 'து' ஒரே இழுப்பில் முடிந்து அடுத்த எழுத்தைத் தொடுகிறது. தமிழுக்கு இட்டாலிக் செய்ய நினைப்பவர்கள் இத்தகைய அட்டைகளிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

திருத்திய மாதிரி நேற்று வந்தது. மணமக்கள் பெயர்கள் நிமிர்ந்துவிட்டன. மண்டபத்தின் முகவரி மட்டும் இன்னும் சாய்ந்தே இருக்கிறது. நாளை மறுபடியும் போக வேண்டும்.