குழுவில் போட்டால் போதுமா?

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம், கல்யாண நாள் வாழ்த்து, அதற்கு வீட்டுக்கு ஒரு கைகூப்பு, எங்கோ எப்போதோ நடந்த திருட்டின் வீடியோ, நாலு நிமிஷம் ஓடும் வாய்ஸ் மெசேஜ். நாளைக்குத் தண்ணீர் வராது என்ற அறிவிப்பு இத்தனைக்கும் அடியில் கிடக்கிறது.

போன வாரம் தரைக்கு அடியில் இருக்கும் சம்ப் தொட்டியைக் கழுவினார்கள். காலை ஏழு மணிக்கு மேல் நல்ல தண்ணீரும் கிடையாது, போர் தண்ணீரும் கிடையாது. இந்தச் சேதியைக் குழுவில் போட்டது இராத்திரி பதினொரு மணிக்கு. போட்ட கையோடு ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் வாழ்த்து ஆரம்பித்துவிட்டது. விடிந்து பார்த்தால் கேக்கும் பலூனும்தான் தெரிகிறது.

மூன்றாவது மாடியில் ஒரு அம்மாயி தனியாக இருக்கிறார். எண்பதை நெருங்கும் வயது, மகன் பெங்களூரில், கையில் பட்டன் போன். அன்றைக்குத் தலைக்குச் சீயக்காய் தேய்த்துவிட்டுக் குழாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்திருக்கிறது. நெற்றியில் வழிந்த சீயக்காயைப் புடவைத் தலைப்பால் துடைத்தபடி வாசலில் நின்று, "ஏங் கண்ணு, உங்கூட்ல தண்ணி வருதா?" என்று கேட்டார். எனக்கு வயிறு எரிந்தது. குடத்தில் பிடித்து வைத்திருந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

செயலாளரிடம் கேட்டால், "குரூப்ல போட்டுட்டனுங்களே" என்கிறார். போட்டுவிட்டால் வேலை முடிந்ததா? யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை என்று பார்க்க வேண்டாமா? சிறுவாணி, பில்லூர் அணைத் தண்ணீர் இருக்கிற கோயமுத்தூரிலேயே எங்கள் பக்கம் குழாய்த் தண்ணீர் தினமும் வருவதில்லை. வருகிற அன்று பிடித்து வைத்தால்தான் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் தண்ணீர்ச் சேதியை இவ்வளவு அலட்சியமாகவா சொல்வது?

கரண்ட் கட் அறிவிப்பு இன்னும் மோசம். பேப்பரில் வந்த துணுக்கைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். தேதி இருக்கும், வருஷம் இருக்காது. போன வருஷத்துப் படத்தை நம்பி ஒரு நாள் பாதிப் பேர் லிஃப்டில் ஏறவே இல்லை.

அப்புறம், பராமரிப்புப் பணம் பாக்கி வைத்தவர்களின் வீட்டு எண்களை எல்லாரும் பார்க்கப் போடுகிறார்களே, அது என்ன பழக்கம்? மாசக் கடைசியில் கை கடித்திருக்கும். அந்த வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

இதற்கெல்லாம் வழி இல்லாமலும் இல்லை. அட்மின் மட்டும் எழுதும்படி ஒரு குழுவை மாற்ற ஒரு நிமிஷம் போதும். அறிவிப்புக்குத் தனி, அரட்டைக்குத் தனி என்று வைத்துக்கொள்ளும் கம்யூனிட்டி வசதி 2022-லேயே வந்துவிட்டது. முக்கியமான சேதியை 30 நாள் வரை மேலேயே நிற்கும்படி 'பின்' (pin) செய்து வைக்கலாம். இதைச் சொன்னால், "எல்லாரும் கோவிச்சுக்குவாங்க" என்று பதில் வருகிறது. காலை வணக்கம் போட முடியாதவரின் கோபத்துக்கு இருக்கும் மதிப்பு, சீயக்காய்த் தலையோடு நின்ற அம்மாயிக்கு இல்லையா?

லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்புப் பலகை சும்மாதான் தொங்குகிறது. பொங்கல் கோலப்போட்டித் தாளை எடுத்துவிட்டு அதில் எழுதுங்கள். ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளுக்கு வாட்ச்மேன் அண்ணன் இன்டர்காமில் சொல்லட்டும். அடுத்த மாதம் மேல் தொட்டி கழுவுகிறார்களாம். அதை முந்தின நாள் சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லியாக வேண்டும்.