நிறுத்தத்துக்கு நிறுத்தம் 100 சதவீதம் வேண்டாம்
"சென்னையிலிருந்து மதுரைக்கு மின்சாரக் காரில் போனால், நிற்கும் இடத்திலெல்லாம் 100 சதவீதம் ஏற்றிக்கொள்ளுங்கள், நேரம் மிச்சமாகும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். மிச்சமாகாது. அவரை நம்பிப் புறப்படுபவர்கள் வழியில் தவித்துப்போவார்கள்.

வேகச் சார்ஜரில் 80 சதவீதத்தை நெருங்கும்போது பேட்டரி செல்களின் மின்னழுத்தம் உச்ச வரம்பைத் தொடப் பார்க்கிறது. அவற்றைக் காக்கக் காரே மின்னோட்டத்தைக் குறைத்துவிடுகிறது. விழுப்புரம் தாண்டி ஒருமுறை திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். 46 கிலோவாட்டில் இருந்த சார்ஜ் வேகம் படிப்படியாக இறங்கி, 95 சதவீதத்தில் 9 ஆகிவிட்டது. பின்னால் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வெயிலில் காத்திருந்தது. உடனே கம்பியைக் கழற்றிவிட்டேன்.

முந்தைய இரவு வீட்டில் முழுதாக ஏற்றிக்கொள்ளுங்கள், அது சரி. வழியில் பேட்டரி 10, 15 சதவீதத்துக்கு இறங்கியதும் காரை நிறுத்தி ஏற்றுங்கள், 80 ஆனதும் கிளம்புங்கள். ஒரு நிறுத்தம் கூடினாலும் பெரும்பாலும் சீக்கிரமே போய்ச் சேர்வீர்கள்.

அடுத்த சார்ஜர் வெகுதூரத்தில் இருந்தாலோ, மலை ஏற வேண்டியிருந்தாலோ கூடுதலாக ஏற்றத்தான் வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம் ஏறுகிறோம். அங்கே கணக்கே வேறு.